குளியலறைத் திருத்தம்: வேலை செய்யும் நாட்களும் காத்திருக்க வேண்டிய நாட்களும்

வீடு திருத்துதல் என்றவுடன் எமது மக்களின் கவனம் முதலில் முன்விறாந்தையிலும் மதிலிலும் வாயிற்கதவிலுமே செல்கின்றது. வருவோர் போவோரின் கண்ணில் படுபவை அவையே. வீட்டின் பின்புறத்திலுள்ள குளியலறையும் மலசலகூடமும் கடைசியாகவே நினைவுக்கு வருகின்றன. அதுவும் பெரும்பாலும் ஒரு திருமணமோ, வெளிநாட்டில் வாழும் உறவினரின் வருகையோ நெருங்கிய பின்னர்தான். எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் எல்லாவற்றையும் உடைத்து, பதித்து, பூசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துடன் மேசனை அழைக்கின்றோம். வேலையும் எப்படியோ முடிந்துவிடுகின்றது. ஆனால், அடுத்த மாரி வருவதற்குள் அறைச் சுவரில் ஈரம் படர்வதும், டைல் கற்கள் வெற்றொலி எழுப்புவதும், தரையின் மூலையில் நீர் தேங்கி நிற்பதும் பல வீடுகளில் காணப்படும் காட்சிகளாகும்.

இதற்கெல்லாம் மேசன்மாரின் திறமையின்மையே காரணம் என்று கூறிவிடுவது இலகுவானது. திறமையற்ற வேலையாட்கள் இல்லாமலில்லை. எனினும், திறமைமிக்க ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தாலும் அவருக்கு வேண்டிய நாட்களை நாம் கொடுக்காவிட்டால் விளைவு ஒன்றாகவே இருக்கும். குளியலறை வேலையில் கை அசையும் நாட்களைப் போலவே கை அசையாத நாட்களும் முக்கியமானவை. சீமெந்து இறுகுவதற்கும், பூச்சு உலர்வதற்கும், நீர் கசிகிறதா எனச் சோதிப்பதற்கும் செலவாகும் நாட்கள் வீணான நாட்களல்ல. அவையும் வேலையின் பகுதியே என்பதை விளங்கிக்கொள்வதே திட்டமிடலின் முதற்படியாகும்.

ஐந்தடி அகலமும் எட்டடி நீளமும் கொண்ட ஒரு சாதாரண குளியலறையை எடுத்துக்கொள்வோம். அதனை முற்றாக உடைத்துப் புதுப்பிப்பதற்கு ஏறத்தாழ 35 நாட்கள் தேவைப்படும். இதில் வேலையாட்கள் வேலை செய்யும் நாட்கள் 20. மீதி 15 நாட்களும் காத்திருக்க வேண்டிய நாட்கள். அவசரப்படுபவர்கள் வெட்டிக் குறைப்பது எப்போதும் இந்தப் பதினைந்து நாட்களையே.

எப்போது ஆரம்பிப்பது?

எமது நாட்டில் எல்லாப் பிரதேசங்களுக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையும், கிழக்கின் சில பகுதிகளில் ஜனவரி வரையும் மழை கனத்துப் பெய்கின்றது. கொழும்பு உள்ளிட்ட தென்மேற்குப் பகுதிகளும் மலையகத்தின் மேற்குச் சரிவுகளும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையைப் பெறுகின்றன. மழைக்காலத்தில் பூச்சு வேலை உலர்வதற்குக் கூடுதல் நாட்கள் எடுக்கும். காத்தான்குடி போன்ற மணற்பாங்கான கரையோர ஊர்களில் நிலத்தடி நீர் மேலெழும்போது மலக்குழி சார்ந்த எந்த வேலையையும் செய்ய முடியாது போகும். ஆகவே, தத்தமது பிரதேசத்தின் உலர்ந்த மாதங்களைத் தெரிவு செய்துகொள்வதே உசிதமானது.

பருவகாலத்துக்கு அடுத்ததாகப் பண்டிகைக் காலத்தையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் புத்தாண்டை ஒட்டி வேலையாட்கள் ஊர் செல்வதும் கடைகள் மூடப்படுவதும் வழமை. அப்போது அரைகுறையாக நிற்கும் வேலை மாத இறுதி வரை அப்படியே நிற்கும். ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்து அல்லது பதினொரு நாட்கள் முன்னோக்கி வருவதால், சென்ற ஆண்டின் திகதியை நினைவில் வைத்துத் திட்டமிட முடியாது. சஹர் வேளையில் வீட்டார் அனைவரும் எழுந்து வுழூச் செய்ய வேண்டிய மாதத்தில் குளியலறை இல்லாதிருப்பது பெரும் சிரமம். நோன்பு நோற்றிருக்கும் வேலையாளிடம் கடும் வெயிலில் கொங்கிறீற் உடைக்கச் சொல்வதும் நியாயமல்ல.

நாட்களை முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ணுவதே சரியான முறையாகும். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் உறவினருக்காக ஓகஸ்ட் முதலாம் திகதிக்குள் குளியலறை தயாராக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு 35 நாட்கள். எதிர்பாராத தாமதங்களுக்கு 10 நாட்கள். எனவே, ஜூன் நடுப்பகுதியில் உடைக்கத் தொடங்க வேண்டும். பொருட்களைத் தெரிவு செய்து வாங்குவதற்கு அதற்கு முன்னர் நான்கு வாரங்கள் வேண்டும். ஆக, மே நடுப்பகுதியிலேயே ஆயத்தம் ஆரம்பித்திருக்க வேண்டும். ஜூலை நடுப்பகுதியில்தான் எண்ணமே வந்தது என்றால், உடைப்பதைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம். குழாய்வாய்களை மாற்றுதல், கதவைத் திருத்துதல், டைல் இடைவெளிகளைச் சுரண்டி மீள நிரப்புதல், வர்ணம் பூசுதல் ஆகியவற்றை ஒரு வாரத்தில் செய்துவிடலாம். பெரிய வேலை, விருந்தினர் சென்ற பின்னர் ஆறுதலாக நடக்கட்டும்.

அந்த நாட்களில் எங்கே போவது?

இது கேட்பதற்குச் சிறிய கேள்வி போலத் தோன்றினாலும் பல குடும்பங்கள் இதற்கு விடை காணாமலேயே சுத்தியலைத் தூக்கிவிடுகின்றன. குளிப்பதைக் கிணற்றடியிலோ அயல் வீட்டிலோ சமாளித்துக்கொள்ளலாம். மலசலகூடத்தை அவ்வாறு சமாளிக்க முடியாது. நீரிழிவு காரணமாக இரவில் மூன்று நான்கு தடவைகள் எழும்பும் ஒரு மூதாட்டியோ, மாதவிடாய்க் காலத்தில் இருக்கும் ஒரு மாணவியோ, கர்ப்பிணி ஒருவரோ வீட்டில் இருக்கும்போது, ஒரு மாதத்துக்கு அயலவரின் கதவைத் தட்டுங்கள் என்று கூறுவது மனிதாபிமானமாகாது.

வளவில் பழைய வெளி மலசலகூடம் ஒன்று இருப்பின், முதலில் அதனைத் திருத்தி, வெளிச்சமும் உட்தாழ்ப்பாளும் போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வாறு இல்லாதவிடத்து, இருக்கும் மலக்குழிக்கே ஒரு தற்காலிகக் குழாயை இணைத்து, தகரத்தால் மறைத்துச் சிறிய கூடமொன்றை அமைத்துக்கொள்ளலாம். அதற்கான செலவு வேலையின் மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கே. மாடிக்குடியிருப்புகளில் இதற்கு இடமில்லை. இரண்டாவது மலசலகூடமும் இல்லையெனில், முதியோரையும் குழந்தைகளையும் உறவினர் வீட்டில் தங்கவைப்பதைப் பற்றி வேலை ஆரம்பிக்கும் முன்னரே பேசி முடிவெடுத்தல் வேண்டும்.

உடைப்பதற்கு முன்னர் தீர்மானிக்க வேண்டியவை

உடைத்த பின்னர் பொருட்களை வாங்கலாம் என்பது எம்மவரிடையே காணப்படும் பொதுவான தவறு. கொமட்டை எடுத்துக்கொள்வோம். சில வகைகளில் கழிவு பின்புறச் சுவர் வழியாக வெளியேறும். சிலவற்றில் தரை வழியாக வெளியேறும். சுவரிலிருந்து குழாய் எத்தனை அங்குல தூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் வகைக்கு வகை வேறுபடும். கொமட் எது என்று தெரியாமல் குழாய் புதைத்தால், பின்னர் குழாய்க்குப் பொருந்தும் கொமட்டைத் தேடி அலைய நேரிடும். அல்லது புதிய தரையை மீண்டும் உடைக்க நேரிடும். 2020 இல் விதிக்கப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போதும், 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போதும் டைலுக்கும் குழாய்வாய்களுக்கும் மக்கள் அலைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிலைமை இன்று மாறியிருந்தாலும், பொருட்கள் யாவும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பின்னரே உடைக்கத் தொடங்குவது என்ற ஒழுங்கு எக்காலத்துக்கும் பொருந்தும். டைல்களைத் தேவைக்கு மேல் பத்து வீதம் கூடுதலாகவும், பெட்டிகள் யாவும் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாகவும் பார்த்து வாங்க வேண்டும். பின்னர் வாங்கும் பெட்டியின் நிறம் சற்றே வேறுபட்டிருப்பது வழமை.

கொமட் எந்தத் திசையை நோக்கி அமைய வேண்டும் என்பதும் இக்கட்டத்திலேயே தீர்மானிக்கப்பட வேண்டியதாகும். கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர்வதைத் தவிர்க்க முஸ்லிம் குடும்பங்கள் விரும்புகின்றன. இலங்கையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக அமைந்திருப்பதால், கொமட்டை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைப்பதே பெரும்பாலும் செய்யப்படுகின்றது. இந்துக் குடும்பங்களில் மனையடி சாஸ்திரத்தைப் பார்ப்போரும் உளர். எதுவாயினும், அது வரைபடத்தில் செய்யப்பட வேண்டிய மாற்றமேயன்றி, குழாய் புதைத்த மறுநாள் மாமனார் வந்து பார்த்துச் சொல்லும் மாற்றமாக இருக்கலாகாது. வுழூச் செய்வதற்கு உட்கார்ந்து கால் கழுவும் திட்டு வேண்டுமெனில், அதற்கான குழாய்வாயின் உயரத்தையும் இப்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

மலக்குழியைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதும் இப்போதுதான். வாளியால் நீர் ஊற்றிய இடத்தில் தாங்கியுடன் கூடிய கொமட்டைப் பொருத்தும்போது குழிக்குச் செல்லும் நீரின் அளவு மாறுகின்றது. குளிக்கும் நீரையும் அதற்குள் விட்டால் குழி விரைவில் நிரம்பும். அதற்கு வேறு வழி அமைப்பதே நன்று. யாழ். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கியிருக்கின்றது. அடிப்பக்கம் பூசப்படாத குழியிலிருந்து வெளியேறும் கழிவு அந்த வெடிப்புகளின் ஊடாக வடிகட்டப்படாமலே கிணற்றைச் சென்றடைய முடியும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறைந்தது ஐம்பதடி இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ஆனால், சுண்ணாம்புக்கல் நிலத்தில் தூரம் மட்டும் காப்பாக அமையாது. எனவே, நீர் கசியாத குழியே விரும்பத்தக்கது. குழியைப் புதிதாக அமைப்பதாயின் அல்லது குளியலறையை வெளிப்பக்கமாக நீட்டுவதாயின், உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி தேவையா என்பதையும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையையும் முன்கூட்டியே கேட்டறிவது அவசியமாகும்.

முப்பத்தைந்து நாட்கள்

முதல் இரண்டு நாட்கள் உடைப்பதற்கும் இடிபாடுகளை அகற்றுவதற்கும் உரியவை. உடைக்கும் முன்னர் நீரையும் அவ்வறைக்கான மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும். கழிவுக் குழாயின் வாயைச் சாக்கால் அடைக்காவிட்டால் கற்துண்டுகள் விழுந்து அடைத்துக்கொள்ளும். கூரை பழைய அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதனை அடித்து நொறுக்கலாகாது. நீர் தெளித்து நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுத் தகடாகவே இறக்க வேண்டும். அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடானது.

மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை குழாய் வேலையும் மின்னிணைப்பு வேலையும் நடைபெறும். கழிவுக் குழாய்க்குச் சரியான சரிவு வேண்டும். தரைவடிகாலின் கீழே, துர்நாற்றம் மேலெழாதவாறு நீரைத் தேக்கிவைக்கும் வளைவு இருக்க வேண்டும். சுவருக்குள் மறையும் நீர்க்குழாய்களை மூடுவதற்கு முன்னர், வாய்களை அடைத்து, அழுத்தத்துடன் நீர் ஏற்றி, ஒரு நாளாவது கசிவு பார்க்க வேண்டும். இன்று கண்டுபிடிக்கும் கசிவைத் திருத்த அரை மணித்தியாலம் போதும். டைல் பதித்த பின்னர் கண்டால் சுவரையே உடைக்க வேண்டும். சுடுநீர் இயந்திரம் பொருத்துவதாயின் அதற்குத் தனியான வயரும் புவித்தொடுப்பும் வேண்டும். வீட்டின் பிரதான பலகையில் உள்ள ட்ரிப் சுவிட்ச் இயங்குகின்றதா என்பதையும் மின்னிணைப்பாளர் சோதித்துக் காட்ட வேண்டும். புதைக்கப்பட்ட குழாய்களையும் வயர்களையும் மூடும் முன்னர் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் பெரிதும் உதவும்.

ஏழாம் நாள் முதல் ஒன்பதாம் நாள் வரை சுவர்ப் பூச்சும் தரைச் சாந்தும் இடப்படும். நீர் வடிகாலை நோக்கி ஓடுவதற்கான சரிவை அமைப்பது இந்தச் சாந்திலேயே. ஒரு மீற்றருக்கு ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரையான சரிவு போதுமானது. டைல் பதிக்கும்போது சரிவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பவரின் பேச்சை ஏற்கக் கூடாது. கைபிடிச் சட்டம் பொருத்தவுள்ள இடங்களில் சுவரைப் பலப்படுத்த வேண்டியதும் இக்கட்டத்திலேதான். வீட்டில் முதியவர் இன்று இல்லாவிட்டாலும் பத்து ஆண்டுகளில் நாமே முதியவர்களாகிவிடுவோம். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின்னர் பொருத்தப்படும் கைபிடியால் என்ன பயன்? கொமட்டின் பக்கத்தில் ஒன்றும் குளிக்குமிடத்தில் ஒன்றுமாக இரண்டு கைபிடிகள், வழுக்காத சொரசொரப்பான தரை டைல், வெளிப்புறமாகத் திறக்கும் கதவு ஆகிய மூன்றும் ஆடம்பரப் பொருட்களல்ல. உள்ளே விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது.

பத்தாம் நாள் முதல் பதினாறாம் நாள் வரை எவரும் வேலை செய்யப்போவதில்லை. வீட்டுக்காரர் மட்டும் காலையும் மாலையும் சுவருக்கும் தரைக்கும் நீர் தெளிப்பார். சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் சேர்ந்து நிகழும் இரசாயன மாற்றத்தாலேயே இறுகுகின்றது. ஈரம் விரைவில் போய்விட்டால் அம்மாற்றம் இடைநடுவில் நின்று, மேற்பரப்பு பொடிந்து, வெடிப்பு விடும். இந்த ஏழு நாட்களில் வெளியே குழி வேலையையும் கதவு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். அதன் பின்னர் 17 ஆம், 18 ஆம் நாட்களில் உலரவிட வேண்டும்.

பத்தொன்பதாம், இருபதாம் நாட்களில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இரு முறை பூசப்படும். டைல் இருக்கும்போது இது எதற்கு எனப் பலர் கேட்கின்றனர். டைல் நீரை உறிஞ்சாவிட்டாலும் டைல்களுக்கிடையிலான கோடுகள் நீரை மெல்ல மெல்ல உள்ளே விடுகின்றன. நீரைத் தடுப்பது டைல் அல்ல, அதன் கீழுள்ள பூச்சே. தரை முழுவதற்கும், சுவரில் ஓரடி உயரத்துக்கும், குளிக்குமிடத்தில் ஆறடி உயரம் வரையும் இதனைப் பூசுவது நல்லது. மூலைகளிலும் வடிகால் வாயைச் சுற்றியும் கூடுதல் கவனம் தேவை. பூசிய பின்னர் இரு நாட்கள் உலரட்டும். தயாரிப்பாளரின் குறிப்பு அதற்கும் கூடுதலான காலத்தைக் கோரினால் அக்குறிப்பே மேலானது.

இருபத்து மூன்றாம், இருபத்து நான்காம் நாட்கள் மிக முக்கியமானவை. வடிகாலை அடைத்து, வாசலில் சிறு தடுப்பு வைத்து, தரையில் இரண்டு அங்குலம் அளவுக்கு நீரைத் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, 48 மணித்தியாலம் விட்டுவைக்க வேண்டும். ஓரிரு மில்லிமீற்றர் ஆவியாகலாம். அதற்கு மேல் குறைந்தாலோ, கீழ்ப்புறத்திலோ அடுத்த அறைச் சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ மீண்டும் பூச வேண்டும். வெள்ளவத்தையிலும் தெமட்டகொடையிலும் மாடிக்குடியிருப்புகளில் வாழ்வோருக்கு இச்சோதனை அயலுறவு சம்பந்தப்பட்ட விடயமுமாகும். மேல்மாடியின் நீர் கீழ்வீட்டின் கூரையில் சொட்டத் தொடங்கினால் ஆண்டுக்கணக்கான சிநேகமும் ஆட்டங்கண்டுவிடும். கீழ்வீட்டாருக்கு முன்னரே அறிவித்து, அந்த இரு நாட்களும் அவர்களது கூரையைப் பார்வையிட்டு வருவது பண்பும் பாதுகாப்புமாகும்.

இருபத்தைந்து முதல் 29 வரை டைல் பதிக்கப்படும். முப்பதாம் நாள் அதன்மேல் எவரும் நடக்கக் கூடாது. முப்பத்தோராம் நாள் இடைவெளிகளைக் கிரவுட் கொண்டு நிரப்பலாம். அடுத்த இரு நாட்களில் கொமட், கைகழுவும் பேசின், குழாய்வாய்கள், மின்விளக்கு, கைபிடிகள் ஆகியன பொருத்தப்படும். முப்பத்து நான்காம் நாள் மூலைகளுக்கும் பேசின் ஓரங்களுக்கும் சிலிக்கன் பசை இடப்படும். முப்பத்தைந்தாம் நாள் அது இறுகும் வரை நீர் படாதிருக்கட்டும். மறுநாள் வீட்டார் தாராளமாகக் குளிக்கலாம்.

பணத்தையும் கட்டங்களுடன் இணையுங்கள்

நாட்கூலிக்கு வேலை கொடுத்தால் நாட்கள் நீளும் என்ற அச்சத்தில் பலர் மொத்தக் கொந்தராத்தையே விரும்புகின்றனர். கொந்தராத்தில் வேலை செய்பவருக்கோ விரைவாக முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதே இலாபம். அவர் குறைக்கக்கூடியதும் அதே பதினைந்து நாட்களையே. எனவே, எந்த முறையாயினும் கொடுப்பனவை நாட்களுடன் அல்லாமல் சோதனைகளுடன் இணைக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முற்பணம், குழாய்ச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, நீர் தேக்கிப் பார்த்த பின்னர் ஒரு பங்கு, டைல் பதித்து முடிந்ததும் ஒரு பங்கு, ஒரு வாரம் பாவித்துப் பார்த்த பின்னர் கடைசிப் பங்கு என எழுத்தில் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு ஏற்படாது. காத்திருக்கும் நாட்களில் வேறிடத்தில் வேலை செய்ய மேசனுக்கு இடமளிப்பதும் நியாயமானதே. அவருக்கும் அடுப்பெரிய வேண்டும். திரும்பி வரும் திகதியை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

செலவு மதிப்பீட்டுக்கு மேல் பத்து முதல் பதினைந்து வீதத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பதும் அவசியம். பழைய தரையை உடைத்த பின்னரே உக்கிய குழாயும் தாழ்ந்த அத்திவாரமும் வெளிப்படுகின்றன. பணம் போதாது என்ற நிலை வந்தால், விலையுயர்ந்த குழாய்வாயையும் கண்ணாடியையும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும் தரைக்குக் கீழும் மறைந்துபோகும் எதிலும் சிக்கனம் பார்க்கலாகாது.

குளியலறை என்பது வீட்டின் மிகச் சிறிய அறை. ஆயினும், அந்த வீட்டில் வாழும் அனைவரும் அன்றாடம் தனித்து நிற்கும் ஒரே அறையும் அதுவே. முதியவர் துணையின்றிப் போய்வர முடிவதும், பெண்பிள்ளை அச்சமின்றிக் கதவைத் தாழிட முடிவதும், கிணற்று நீர் கெடாதிருப்பதும் அந்த அறை எப்படி அமைந்துள்ளது என்பதிலேயே தங்கியுள்ளன. ஆகையால், வேலையை ஆரம்பிக்க எண்ணுவோர் முதலில் வாங்க வேண்டியது டைல் அல்ல. சுவரில் மாட்டும் ஒரு நாட்காட்டியே. அதில் வேலை நாட்களை ஒரு நிறத்திலும் காத்திருக்கும் நாட்களை இன்னொரு நிறத்திலும் குறித்து, மேசனும் வீட்டாரும் பார்க்கக்கூடிய இடத்தில் மாட்டிவிட்ட பின்னர் சுத்தியலைத் தூக்கட்டும்.